அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று கேளுங்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் இருபது, இருபத்தைந்து பேர் சேர்ந்து மாதம் ஒரு பழைய உலகப் படம் பார்க்கிறோம். சென்ற மாதம் என் பொறுப்பில் ‘புட்ச் காசிடி அண்டு தி சன்டான்ஸ் கிட்’ என்ற, இரண்டு ரயில் கொள்ளையர்களைப் பற்றிய அமெரிக்கப் படத்தைத் திரையிட்டேன். படம் முடிந்ததும் கூட்டம் பிளந்துவிட்டது. ஒரு சாரார் கைதட்டினார்கள். கௌபாய் சித்திரக்கதைகளில் ஊறிய நண்பர் ஒருவர், “வெஸ்டர்ன் படத்தில் ஓடி ஒளிகிறவனா கதாநாயகன்? நடுவில் அரை மணி நேரம் வெறும் குதிரை ஓட்டம்தானே” என்றார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கொள்ளைக்காரர்களை நகைச்சுவை பூசி நல்லவர்களாக்கிவிட்டார்கள் என்று வருந்தினார். கல்லூரி மாணவிகள் இருவர், துப்பாக்கி முனையில் ஒரு பெண்ணை உடை களையச் சொல்லும் காட்சியில் எழுந்து வெளியே போய்விட்டார்கள். நான் செய்த தேர்வு தவறா? இந்த மாதக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசலாம் என்று அறிவித்திருக்கிறேன். எப்படி நடத்துவது?

பதில்: அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, படத்தையும் முழுவதுமாக மீண்டும் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். இருபத்தெட்டு ஆண்டுகளாகப் படத்தொகுப்பு மேசையில் உட்கார்ந்திருப்பவன் நான். ஒரு படத்தைப் பற்றிப் பார்வையாளர்கள் மாறுபட்டுப் பேசும்போது, யார் சொல்வது சரி என்று நான் பார்ப்பதில்லை. படம் ஓடும்போது எந்த நிமிடத்தில் அவரவர் அதை விட்டு இறங்கினார்கள் என்றுதான் பார்ப்பேன். உங்கள் நண்பரும் தலைமையாசிரியரும் மாணவிகளும் மூன்று வெவ்வேறு இடங்களில் இறங்கியிருக்கிறார்கள். அவர்கள் எல்லோரையும் ஒரே தரப்பாக நிறுத்தி, பிடித்ததா பிடிக்கவில்லையா என்று கேட்டதால்தான் பேச்சு சண்டையாகிவிட்டது என்பது என் கணிப்பு. உங்கள் தேர்வு தவறில்லை. இருபது பேரை ஒரே அறையில் உட்கார வைத்து இவ்வளவு பேச வைக்கிற படங்கள் அதிகம் கிடையாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பிளவு உங்கள் குடியிருப்பில் தொடங்கியதன்று. 1969 செப்டம்பரில் படம் வெளியானபோதே அமெரிக்காவில் இதே வாக்குவாதம் நடந்தது. அந்த ஆண்டு அங்கே வெளியான படங்களில் மிக அதிகமாக வசூலித்தது இதுதான். ஆனால் சிகாகோவில் விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு இரண்டரை நட்சத்திரம்தான் கொடுத்தார், நியூயார்க்கர் இதழில் விமர்சகர் பாலின் கேல் படத்தைக் கடுமையாகவே எழுதினார். இருவருக்கும் உறுத்தியது கிட்டத்தட்ட ஒன்றுதான்: இந்தக் கொள்ளையர்கள் தங்கள் காலத்து மனிதர்களாகப் பேசாமல், 1960களின் வாய்த்துடுக்கோடு ஓயாமல் நகைச்சுவையாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பின்னர் வில்லியம் கோல்ட்மனின் திரைக்கதைக்கும் கான்ராட் ஹாலின் ஒளிப்பதிவுக்கும் பர்ட் பக்கராக்கின் இசைக்கும் பாட்டுக்குமாக நான்கு ஆஸ்கர்கள் கிடைத்தன, பிரிட்டனில் ஒன்பது பாஃப்டா விருதுகள் கிடைத்தன. விருதுகளைச் சொல்லி யாருடைய வாயையும் அடைக்க வேண்டாம். ஈபர்ட் குறை சொன்ன இடமும் உங்கள் நண்பர் குறை சொன்ன இடமும் ஒன்றே என்பதை மட்டும் அவரிடம் தெரிவியுங்கள். அவர் தனியாள் இல்லை.

அந்த இடம் நடுவில் வரும் துரத்தல்; பேச்சோடு அதையும் ஈபர்ட் குறை சொன்னார். 110 நிமிடப் படத்தில் அரை மணி நேரத்தை நெருங்கும் அளவுக்கு அது நீள்கிறது. கணினியின் முன் உட்கார்ந்தால் எந்தப் படத்தொகுப்பாளருக்கும் அதில் பத்து நிமிடத்தை வெட்டிவிடக் கை துறுதுறுக்கும். இந்தப் படத்தைத் தொகுத்த ஜான் ஹோவர்டும் ரிச்சர்ட் மேயரும் வெட்டவில்லை, ஏன் வெட்டவில்லை என்பதைக் கவனித்துப் பார்த்தால்தான் இந்தப் படத்தின் உள்கட்டு புரியும். இரண்டாவது ரயில் கொள்ளையில் வெடிமருந்து அதிகமாகி, பெட்டியே சிதறி, பணத்தாள்கள் காற்றில் பறக்கின்றன. கொள்ளையர்கள் சிரித்துக்கொண்டே பொறுக்குகிறார்கள், அரங்கமும் சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தொலைவில் இன்னொரு ரயில் வந்து நிற்கிறது. அதன் கதவு திறக்கிறது, உள்ளேயிருந்து குதிரைகள் ஆட்களோடு பாய்ந்து வெளியே வருகின்றன. அந்த நொடியிலிருந்து படத்தின் சுருதி மாறிவிடுகிறது. துரத்துகிறவர்களின் முகத்தை ஒரு தடவைகூட அருகில் காட்டுவதில்லை; பகலில் மலைச்சரிவில் நகரும் புள்ளிகள், இரவில் அசையும் வெளிச்சப் பொட்டுகள், ஒரு வெள்ளைத் தொப்பி, அவ்வளவுதான். பின்னணி இசையும் கிடையாது. புட்ச் தனக்குத் தெரிந்த தந்திரம் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்க்கிறான், ஒவ்வொன்றும் தோற்கிறது, யார் இவர்கள் என்று இருவரும் மாறி மாறிக் கேட்டுக்கொள்கிறார்கள். முதல் தடவை அந்தக் கேள்விக்கு நாம் சிரிக்கிறோம். நான்காவது தடவை சிரிப்பு வருவதில்லை. பத்து நிமிடத்தில் முடித்திருந்தால் அது ஒரு சாகசக் காட்சியாக நின்றிருக்கும். சலிப்பு வரும்வரை இழுத்ததால்தான், ஓடுகிறவனின் களைப்பு நம் உடம்புக்குள் இறங்குகிறது. இது வேண்டுமென்றே செய்த காரியம் என்பது என் உறுதியான எண்ணம். அந்தக் களைப்பைத் தாங்க முடியாமல் ஒருவர் படத்தை விட்டு இறங்கினால் அவரை ரசனை இல்லாதவர் என்றும் சொல்ல மாட்டேன்.

ஓடி ஒளிகிறவன் கதாநாயகனா என்று உங்கள் நண்பர் கேட்டதைப் படித்ததும் எனக்கு ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. திரைக்கதையை விற்கச் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், நாயகர்கள் தென் அமெரிக்காவுக்கு ஓடக் கூடாது, அந்தப் பகுதியை மாற்றினால் வாங்குகிறேன் என்று ஒரு ஸ்டுடியோ நிர்வாகி சொன்னதாகக் கோல்ட்மன் பதிவு செய்திருக்கிறார். அவர்கள் உண்மையிலேயே ஓடினார்கள் என்று இவர் சொல்லியும் அவர் கேட்கவில்லை. வெஸ்டர்ன் நாயகன் நின்று சுடுவான் என்பது அந்தப் படவகையின் எழுதாத சட்டம். கோல்ட்மனை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இந்தக் கதையோடு கட்டிப்போட்டதே அந்தச் சட்டத்தை மீறிய இரண்டு மனிதர்கள்தான். கடைசியில் அந்தத் திரைக்கதை நான்கு லட்சம் டாலருக்கு விலைபோனது; அந்நாளில் ஒரு திரைக்கதைக்கு யாரும் கொடுத்திராத தொகை அது.

இனித் தலைமையாசிரியரின் வருத்தத்துக்கு வருகிறேன். அதை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் வரலாறு ஓரளவுக்கு அவர் பக்கம் இருக்கிறது. புட்ச் காசிடியின் இயற்பெயர் ராபர்ட் லெராய் பார்க்கர், 1866இல் உட்டாவில் பிறந்தவர். சன்டான்ஸ் கிட் என்று அழைக்கப்பட்ட ஹாரி லாங்கபா பென்சில்வேனியாக்காரர். 1899 ஜூன் 2 அன்று வயோமிங் மாநிலத்தின் வில்காக்ஸ் அருகே யூனியன் பசிபிக் ரயிலை அவர்களுடைய கும்பல் மறித்தது, வெடிமருந்து அளவுக்கு மீறிப் போய்ப் பெட்டி சிதறியது, உள்ளே இருந்த காவல் எழுத்தர் வுட்காக் உயிர் தப்பினார். இவையெல்லாம் நடந்தவை, படத்தில் நாம் சிரித்தவையும் இவையே. ஆனால் அந்தக் கொள்ளைக்குப் பிறகு அவர்களைத் தேடிப் போன ஷெரிப் ஜோசையா ஹேசன் சில நாட்களில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டது புட்ச் இல்லை, கும்பலின் வேறொருவன் என்றே வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். படத்தில் ஹேசன் என்றொரு மனிதரே இல்லை. பறக்கும் பணத்தாளை வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் கிடந்த உடலை எடுத்துவிட்டார்கள். இனி வருவதில் பெரும்பகுதி உண்மை என்று ஓர் அட்டையோடு தொடங்கும் படம், எந்தப் பகுதியை விட்டுவிட்டது என்று கேட்கும் உரிமை பார்வையாளருக்கு உண்டு. தலைமையாசிரியர் கேட்டதும் அதுவேதான்.

இருந்தும் அவரிடம் ஒரு காட்சியை மட்டும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பொலிவியாவில் இருவரும் திருந்தி வாழ முயன்று, சுரங்கத்தின் சம்பளப் பணத்துக்குக் காவலாளிகளாக வேலைக்குச் சேர்கிறார்கள். முதல் நாளே முதலாளியைக் கொள்ளையர்கள் சுட்டுவிடுகிறார்கள். பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும் அவர்களை நம்மவர்கள் இருவரும் எதிர்கொள்கிறார்கள். எத்தனை பேர், யார் யாரை எடுத்துக்கொள்வது என்று பேசும் நேரத்தில், நான் இதுவரை யாரையும் சுட்டதில்லை என்று புட்ச் சொல்கிறான். எங்கள் தொழிலில் சொல்வதானால் அது நகைச்சுவையின் தாளத்தில் வருகிற வசனம், அரங்கமும் சிரிக்கத்தான் செய்கிறது. அடுத்த நொடியே துப்பாக்கிகள் வெடிக்கின்றன, காட்சி மெதுவோட்டத்துக்கு மாறுகிறது, சுடப்பட்டவர்கள் அலறிக்கொண்டே, மிக மெதுவாக, புழுதியில் விழுகிறார்கள். அந்த அலறலை நீட்டியிருக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் படத்தின் மனசாட்சி இருக்கிறது. பிறகு புட்சின் முகத்தைக் காட்டுகிறார்கள். புட்சாக நடித்த பால் நியூமன் அங்கே எதுவும் செய்வதில்லை. ஒன்றரை மணி நேரமாக ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் வைத்திருந்த வாய்க்கு இப்போது சொல்ல ஒன்றுமில்லை. நேர்மையாக வாழப் போன நாளில்தான் அவன் கொலைகாரன் ஆகிறான். கொள்ளையை மகிமைப்படுத்தும் படம் இப்படியொரு காட்சியை வைக்காது என்று நான் நினைக்கிறேன். ஹேசனின் மரணத்தை மறைத்த கடனை இது முழுவதும் தீர்த்துவிடுகிறது என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

இன்னொரு விடுபடலும் உண்டு, அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. படத்தில் அவர்கள் நியூயார்க் வழியாக நேரே பொலிவியா போய் இறங்குகிறார்கள். உண்மையில் 1901இல் அவர்கள் போனது அர்ஜென்டினாவுக்கு. அங்கே சோலிலா என்ற பள்ளத்தாக்கில் பண்ணை வைத்துச் சில ஆண்டுகள் அமைதியாக வாழ்ந்தார்கள். 1902 ஆகஸ்ட் 10 தேதியிட்டு அங்கிருந்து புட்ச் உட்டாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று இன்றும் இருக்கிறது. 300 மாடுகள், 1,500 செம்மறியாடுகள், 28 சவாரிக் குதிரைகள், நான்கு அறை வீடு, கோழிக்கூடு, கொஞ்சம் கோழிகள் என்று ஒரு சம்சாரியின் நிறைவோடு கணக்குச் சொல்லிவிட்டு, சமைத்துப் போட ஆளில்லை, பகலெல்லாம் தனிமையாக இருக்கிறது என்றும் அதில் எழுதுகிறார். திருந்தி வாழ்வது அவர்களால் ஒரு நாள்கூட முடியவில்லை என்று படம் காட்டுகிறது. அந்தக் கோழிக்கூட்டை எண்ணும்போது உண்மை அதைவிடச் சோகமானது என்று எனக்குப் படுகிறது. உங்கள் கூட்டத்தில் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லுங்கள். படத்தைப் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் ஒரே மாதிரி அமைதியாவார்கள்.

மாணவிகள் எழுந்து போன காட்சியை விளக்கி மழுப்ப நான் தயாராக இல்லை. இருட்டான வீட்டில் சன்டான்ஸ் காத்திருக்கிறான், ஆசிரியை எட்டா உள்ளே வருகிறாள், துப்பாக்கியைக் காட்டி உடையைக் களையச் சொல்கிறான். காட்சி நீண்டு, நமக்கு மூச்சு முட்டும் தறுவாயில், ஒரு நாளாவது நேரத்தோடு வரக் கூடாதா என்று அவள் கேட்கிறாள். அவர்கள் ஏற்கெனவே காதலர்கள் என்று தெரிந்து அரங்கம் நிம்மதியோடு சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு ஒரு பெண்ணின் அச்சத்தை மூலதனமாகப் போட்டு வாங்கிய சிரிப்பு. 1969இல் பலருக்கு அது குறும்பாகத் தெரிந்திருக்கலாம். நானே இளைஞனாக முதன்முறை பார்த்தபோது சிரித்தவன்தான், இன்று என்னால் முடியவில்லை. திருப்பம் வந்துவிட்டது என்பதால் அதற்கு முந்தைய இரண்டு நிமிடம் பார்வையாளரின் உடம்பிலிருந்து அழிந்துபோவதில்லை. அந்த மாணவிகள் போன்றவர்களுக்கு அழியவே இல்லை. இதைக் கைதட்டியவர்களிடம் நீங்களே சொல்லுங்கள். “கடைசி வரை பார்த்திருந்தால் புரிந்திருக்கும்” என்று யாரும் அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல விடாதீர்கள்.

அந்தக் காட்சிக்கு அடுத்த காலைதான் புட்ச் எட்டாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகும் புகழ்பெற்ற பாட்டு வருகிறது. மழைத்துளி பற்றிய பாட்டு, வானத்தில் ஒரு மேகம் இல்லை. சன்டான்ஸாக நடித்த ராபர்ட் ரெட்ஃபோர்டுக்கே முதலில் அந்தப் பாட்டு பொருந்தாததாகத் தோன்றியது என்பதைப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். உங்கள் நண்பர் அதையும் குறை சொல்வார் என்று நினைக்கிறேன். அவரிடம் அந்தச் சைக்கிளைத் தொடர்ந்து போகச் சொல்லுங்கள். முதலில் ஊர்ச் சதுக்கத்தில், கொள்ளையரைப் பிடிக்க ஆள் திரட்டுகிற மார்ஷலின் கூட்டத்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு ஒரு வியாபாரி அதை வருங்காலத்தின் வாகனம் என்று கூவி விற்கிறான். பிறகு அது விளையாட்டுப் பொருளாகிறது. துரத்தலுக்குப் பின், நாட்டை விட்டுப் போகும்போது, புட்ச் அதை வைது வீசி எறிகிறான்; கீழே கிடந்தபடி சக்கரம் மட்டும் சுழன்றுகொண்டிருக்கிறது. அந்தச் சக்கரத்தின் மேல் படத்தொகுப்பாளர்கள் விட்டுவைத்திருக்கும் சில விநாடிகளுக்காகவே அந்தப் பாட்டை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

முடிவைப் பற்றியும் உங்கள் கூட்டத்தில் கேள்வி வரும். காயம்பட்ட இருவரும் அடுத்து ஆஸ்திரேலியா போகலாம் என்று பேசிக்கொண்டே வெளியே பாய்கிறார்கள். வெளியே பெரும் படை நிற்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பாய்ச்சலில் காட்சி உறைகிறது, நிறம் மெல்லப் பழுப்பாகிப் பழைய புகைப்படம் போலாகிறது, சுடு என்ற கட்டளையும் வேட்டுச் சத்தமும் அதன்மேல் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. எங்கள் தொழிலில் ஃப்ரீஸ் என்று நாங்கள் சொல்லும் அந்த உத்தியை அதன் பிறகு எத்தனையோ பேர் எடுத்தாண்டார்கள். 1908 நவம்பரில் பொலிவியாவின் சான் விசென்டேயில் நடந்ததாக ஆவணங்கள் சொல்வது வேறு: விரல் விட்டு எண்ணக்கூடிய சில வீரர்கள், ஒரு சிறிய அறை, இரவு, மறுநாள் காலை உள்ளே இரண்டு உடல்கள். ஒருவன் மற்றவனைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டதுபோல் இருந்தது. அவை இவர்களுடைய உடல்கள்தானா என்பதை 1991இல் கல்லறையைத் தோண்டியும் உறுதிசெய்ய முடியவில்லை. படம் ஒரு சிறு அறையை ஒரு படையாக்கிவிட்டது, அதை அழகு என்று சிலர் சொல்வார்கள், பொய் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் இன்னொரு உறுத்தல் உண்டு. அந்தப் படையில் ஒரு பொலிவியருக்கும் முகம் கிடையாது. துரத்துகிறவர்களுக்கு முகம் காட்டாதது அச்சத்தைக் கூட்டும் உத்தி என்றால், ஒரு நாட்டு மக்களையே ஸ்பானிஷ் தெரியாத கொள்ளையர்களின் கேலிக்குப் பின்னணியாக நிறுத்தியதை எந்த உத்தியின் பெயரால் காப்பாற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கூட்டத்தை நடத்துவது பற்றி: பிடித்ததா, பிடிக்கவில்லையா, எத்தனை மதிப்பெண் என்ற கேள்விகளை அன்று முழுவதும் எடுத்து வைத்துவிடுங்கள். வந்திருக்கும் ஒவ்வொருவரிடமும், எந்தக் காட்சி வரை சிரித்தீர்கள், எங்கே சிரிப்பு நின்றது என்று மட்டும் கேட்டு, அந்த இடங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். சிலருக்கு எட்டாவின் வீட்டிலேயே நின்றிருக்கும், சிலருக்கு ரயில் கதவு திறந்ததும் நின்றிருக்கும், சிலருக்கு மெதுவோட்டத்தில் அலறல் கேட்டபோது நின்றிருக்கும், கடைசி நொடி வரை நிற்காதவர்களும் இருப்பார்கள். நான் எந்தப் படத்துக்கும் முன்னோட்டக் காட்சி வைத்தால் அரங்கின் பின்சுவரில் சாய்ந்து நின்று இதைத்தான் குறித்துக்கொள்வேன். மனிதர்கள் கருத்தைச் சொல்லும்போது ஒருவரையொருவர் மறுக்கத்தான் செய்வார்கள். தனக்கு எங்கே என்ன நேர்ந்தது என்று சொன்னால் மற்றவர் காது கொடுத்துக் கேட்பார். ஈபர்ட், கேல் பற்றிய பேச்சைப் பாதிக்கு மேல் எடுங்கள், முதலிலேயே எடுத்தால் எல்லோரும் அவர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள்.

நேரம் இருந்தால், திரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் மறுபடி ஓட விடுங்கள். துரத்தலின் நடுவே இருவரும் தங்களுக்குப் பழக்கமான ஷெரிப் பிளெட்சோவின் வீட்டுக்குப் போய், ராணுவத்தில் சேர்ந்துகொள்கிறோம், மன்னிப்பு வாங்கிக் கொடுங்கள் என்று கெஞ்சும் காட்சி. உங்கள் காலம் முடிந்துவிட்டது, ரத்தம் சிந்தித்தான் சாகப் போகிறீர்கள், எங்கே என்பதை மட்டுமே நீங்கள் தேர்ந்தெடுக்க முடியும் என்று அந்தக் கிழவர் அவர்கள் முகத்துக்கு நேரே சொல்கிறார். சொல்லும்போதே, தன்னைக் கட்டிப்போட்டுவிட்டுப் போகும்படியும் கேட்டுக்கொள்கிறார், அவர்களுக்கு உதவினார் என்ற பழி வரக் கூடாதல்லவா. உங்கள் தலைமையாசிரியருக்கு அந்தக் கிழவரைப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அவரிடம் அங்கிருந்து பேச்சைத் தொடங்கச் சொல்லுங்கள்.

மாணவிகள் இருவரையும் அழையுங்கள், வற்புறுத்த வேண்டாம். வந்தால், அவர்கள் பார்க்காமல் போன பகுதியில் எட்டா சொல்லும் ஒன்றை அவர்களுக்குச் சொல்லுங்கள். கொள்ளையர் இருவரோடும் புறப்படும் முன்பே, எல்லாம் செய்வேன், நீங்கள் சாவதை மட்டும் பார்க்க மாட்டேன் என்று அவள் நிபந்தனை வைக்கிறாள். பொலிவியாவில் ஒரு நாள், தான் முன்னால் ஊருக்குப் போவதாகச் சொல்கிறாள், அவ்வளவுதான். படத்தில் முடிவை முதலில் தெரிந்துகொண்டவள் அவள். தெரிந்ததும் எழுந்து போய்விட்டாள். உண்மையில் அவளுடைய இயற்பெயர் என்ன, பிறகு அவள் என்ன ஆனாள் என்பது இன்றுவரை வரலாற்றில் பதிவாகவில்லை.

அன்புடன்,
படத்தொகுப்பாளர்